வாரத்துக்கு ஒரு விரல்

நிறத்தை நம்பிச் சோறு தின்றவன் நான். நீல லிட்மஸ் சிவப்பானால் அமிலம், சிவப்பு நீலமானால் காரம். திருச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபத்தாறு வருஷமாக இதைத்தான் வேதியியல் என்ற பெயரில் சொல்லிக்கொடுத்துவருகிறேன். மூன்று சோதனைக் குழாய்களில் மூன்று ஆணியைப் போட்டு, எது துருப்பிடிக்கிறது, எது பிடிக்கவில்லை என்று எட்டாம் வகுப்புக்கு வருஷா வருஷம் காட்டுகிறேன். அப்படிப்பட்டவன் ஒரு பழைய வண்டியிடம் ஏமாந்தேன் என்று சொன்னால் அது வண்டி மேல் பழி போடுவதாகிவிடும். வண்டி என்னை ஏமாற்றவே இல்லை. தன்னிடம் இருந்த எல்லா நிறத்தையும் அது எனக்குக் காட்டியது.

என் மனைவியும் ஆசிரியைதான். அரசுப் பள்ளி. அவளுக்குத் தலைமையாசிரியையாகப் பதவி உயர்வு வந்தபோது கே.கே. நகரில் எங்கள் தெருவுக்கே லட்டு கொடுத்தேன். உத்தரவைப் பிரித்துப் பார்த்தபோதுதான் பள்ளி பச்சைமலை மேல் என்று தெரிந்தது. மலைக்குப் பஸ் என்றால் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, அதுவும் அதற்கு மனசு இருந்தால். அடுத்த மே மாதக் கலந்தாய்வில் கீழே மாறுதல் கேட்கலாம். அதுவரை வாரம் முழுக்க அடிவாரத்துக்குப் பக்கத்தில் உப்பிலியபுரத்தில் ஒரு வாடகை அறையில் தங்கி, தினமும் மலை ஏறி இறங்கி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வருவது என்று முடிவாயிற்று. ஏறி இறங்க ஒரு வண்டி வேண்டும். ஐம்பது வயதில் அவள் டிரைவிங் கற்றுக்கொண்டாள். நான் இன்றுவரை கற்றுக்கொள்ளவில்லை. ஆனால் வண்டி வாங்கியது நான்தான், அதில் மட்டும் யாரையும் விடவில்லை.

ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதியில் ஒரு வீட்டு வாசலில் அது நின்றது. கார் மாதிரியும் இல்லாமல் ஜீப் மாதிரியும் இல்லாமல், நடுவாந்தரமாக உயர்ந்து நிற்கும் ரகம். பெட்ரோல், ஆட்டோமேட்டிக் கியர், ஏழு வயது. ஓடியதோ முப்பதாயிரம் கிலோமீட்டர்கூட இல்லை. சொந்தக்காரர் ஓய்வுபெற்ற அதிகாரி. நெற்றியில் திருமண், கையில் ஒரு மஞ்சள் துணி. நாங்கள் போனபோது வண்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்கோ, உட்காருங்கோ. ஒரு கீறல் கிடையாது பாருங்கோ. பெருமாளைச் சேவிக்கப் போவோம், வருவோம், அவ்வளவுதான். வருஷத்துக்கு ஒரு தரம் கும்பகோணம். பெருமாள் கிருபையில இதுவரைக்கும் நடுவழியில நின்னதில்லை."

அப்புறம் பானெட்டைத் திறந்து ஒரு வெள்ளை டப்பாவைக் காட்டினார். இன்ஜின் சூட்டை ஆற்றும் திரவம் இருக்கும் டப்பா அது. "இதுல மட்டும் நான் ரொம்ப ஆசாரம். போர் தண்ணி ஒரு சொட்டு உள்ள போனதில்லை. உப்பு பாருங்கோ. சுத்தக் காவேரி தீர்த்தம். வடிகட்டி, நானே என் கையால விடுவேன்."

டப்பாவுக்குள் தண்ணீர் தெளிவாக இருந்தது. குடிக்கலாம் போலத் தெளிவு. அங்கே இருந்திருக்க வேண்டியது பச்சையோ சிவப்போ கலந்த கூலன்ட் திரவம். தண்ணீரும் காற்றும் சேர்ந்தால் உலோகம் என்ன ஆகும் என்பதற்கு மார்க் போட்டுப் பிழைக்கிறவன் நான். ஆனால் அன்றைக்கு நான் பார்த்தது அந்த மனிதரின் வெள்ளை வேஷ்டியை. இப்படிப்பட்டவரின் வண்டி மோசமாக இருக்குமா என்று நினைத்தேன். அவர் பொய்யும் சொல்லவில்லை. ஏழு வருஷம் பக்தியோடு அந்த இன்ஜினைத் துருப்பிடிக்க விட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து அவர் வீட்டார் அனுப்பிவைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் மாதா கோயிலில் பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் வண்டி மேல் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். "உள்ளே ஒரு தீர்த்தம், வெளியே ஒரு தீர்த்தம். இனிமே இதுக்கு என்ன குறை?" என்று நான் கிண்டல் அடித்தேன். கண்ணாடியில் செபமாலையைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்த மனைவி சிரித்தாள்.

பழைய வண்டிக்கு உண்டான சில்லறைத் தொல்லைகள் ஒவ்வொன்றாக வந்தன. குழியில் இறங்கினால் முன்பக்கம் டொக்கென்று சத்தம். சஸ்பென்ஷன் புஷ் மாற்ற ஏழாயிரம். மெதுவாக ஊர்ந்தால் கியர் ஒரு உதறு உதறியது. கோயில் வீதிகளில் ஆள் நடுவே ஊர்ந்து ஊர்ந்தே கியருக்குள் இருக்கும் க்ளட்ச் தேய்ந்துபோனது என்றார் மெக்கானிக். மாற்றினால் எழுபதாயிரம் என்றதும், அதை அப்புறம் பார்க்கலாம் என்றேன். அப்புறம் பார்க்கலாம் என்ற வார்த்தையை அந்த வருஷம் நான் எத்தனை தடவை சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

மெக்கானிக் பாலக்கரைப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் பாய். அதிகம் பேசமாட்டார். செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை ஆயில் மாற்றப் போனபோது வெள்ளை டப்பாவைத் திறந்து ஒரு விரலை உள்ளே விட்டுத் துடைத்தார். விரல் நுனி பழுப்பாக வந்தது. அதை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"என்ன சார் இது? கூலன்ட்டே இல்லாம வெறும் தண்ணியில ஓடியிருக்கு. உள்ள எல்லாம் அரிச்சிருக்கும். ரேடியேட்டர், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் மூணையும் மாத்திடுங்க. முப்பதாயிரத்துக்குள்ள முடிச்சுத் தரேன். வண்டி ஒரு வாரம் இங்க நிக்கணும்."

"அவங்க மலைக்குப் போகணுமே பாய். மே வரைக்கும் ஓடாதா?"

அவர் துருவைக் கழுவி எடுத்துவிட்டு, டப்பா நிறையப் பச்சைக் கூலன்ட் ஊற்றி, மார்க்கர் பேனாவால் அதன் மேல் ஒரு கோடு போட்டார். மீதி இருந்த கேனை என் கையில் கொடுத்தார்.

"வாரா வாரம் இந்தக் கோட்டைப் பாருங்க. ஒரு விரல் குறைஞ்சா ஊத்திக்கிட்டு ஓட்டலாம், மே வரைக்கும் தள்ளிடலாம். அதுக்கு மேல குறைஞ்சா, எங்க நிக்குதோ அங்கேயே நிறுத்திடுங்க. இன்ஜின் காய்ஞ்சு மலையில நின்னுச்சுன்னா செலவு மட்டும் இல்ல சார், ப்ரேக்கும் மிதிக்க முடியாம கல்லு மாதிரி ஆயிடும். அம்மா ஓட்டுறாங்க, சொல்லிட்டேன்."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் ஆயில் மாற்றியாகிவிட்டது என்று மட்டும் சொன்னேன். வண்டியை நான் பிடிவாதமாக வாங்கியிருந்தேன். அவளுடைய தம்பி ஒரு புது வண்டியைக் காட்டியபோது, பழசை வாங்கத் தெரிந்தவனுக்குத்தான் வண்டி பற்றித் தெரியும் என்று பெரிதாக அளந்துவிட்டிருந்தேன். இப்போது போய் உள்ளே அரித்திருக்கிறது என்று எந்த வாயால் சொல்வது? அதோடு, தெரிந்தால் பயந்து பயந்து ஓட்டுவாள், வளைவில் பயம் ஆகாது என்று எனக்கு நானே ஒரு நியாயமும் கண்டுபிடித்தேன். கோழைக்கு நியாயம் கிடைக்க ரொம்ப நேரம் ஆவதில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமை காலையும் அவள் மார்க்கெட்டுக்குப் போன நேரம் பார்த்து பானெட்டைத் திறந்தேன். கோட்டுக்குக் கீழே விரலை வைத்துப் பார்ப்பேன். சரியாக ஒரு விரல். கேனிலிருந்து கோடு வரைக்கும் ஊற்றுவேன். துணியால் சுற்றித் துடைத்துவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, செய்தித்தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். அக்டோபரில் ஒரு விரல். நவம்பரில் அடைமழை பெய்த வாரங்களிலும் ஒரு விரல். கிறிஸ்துமஸ் குடிலுக்குப் புல் வாங்கி வந்த அன்றும் ஒரு விரல்தான். எனக்கு ஒரு தெம்பு வந்துவிட்டது. பாய் சும்மா பயமுறுத்துகிறார், முப்பதாயிரம் மிச்சம் என்றுகூட நினைத்தேன்.

ஒன்று மட்டும் இடித்தது. நான் ஊற்றியது பச்சை. டப்பாவில் இருந்ததோ வாரத்துக்கு வாரம் வெளுத்துக்கொண்டே வந்தது. கரும்பச்சை இளம்பச்சையாகி, பொங்கலுக்கு முன்னால் வெறும் எலுமிச்சை ஜூஸ் நிறத்துக்கு வந்துவிட்டது. பச்சைத் திரவத்தோடு பச்சைத் திரவத்தைக் கலந்தால் அது ஏன் வெளுக்க வேண்டும்? என் வகுப்பில் கடைசி பெஞ்சு மாணவனைக் கேட்டால்கூட, யாரோ தண்ணீர் கலக்கிறார்கள் சார் என்று சொல்லியிருப்பான். நான் சூட்டில் சாயம் போகிறது என்று நினைத்துக்கொண்டேன். மட்டமான கம்பெனி என்று கேனைத் திட்டினேன்.

வேறு சில விஷயங்களும் கண்ணில் பட்டன. அவளுடைய வெளிர் நீலச் சேலையில் முழங்கால் உயரத்தில் பழுப்பாக ஒரு கறை. என்ன என்று கேட்டேன். "ஸ்கூல் கேட்ல பட்டுருச்சுங்க, ஒரே துரு" என்றாள். வண்டியின் டிக்கியில் இரண்டு காலி தண்ணீர் கேன்கள் உருண்டுகொண்டிருந்தன. "பிள்ளைங்களுக்குக் குடிக்கத் தண்ணி கொண்டுபோறேன்" என்றாள். மலை ஏறும்போது ஏ.சி. தானாக நின்றுவிடுகிறது என்று ஒரு தடவை சொன்னாள். சூடு கூடினால் வண்டி தானே ஏ.சி.யை நிறுத்தும் என்று எனக்குத் தெரியும். "மலையில ஏ.சி. எதுக்கும்மா, கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டு, நல்ல காத்து" என்றேன். அவளும் சரி என்றாள். ஏ.சி. நிற்பதுதான் அந்த வண்டி அவளுக்குக் கொடுத்துவந்த எச்சரிக்கை. அதையும் நான் வாயை மூட வைத்தேன்.

மலை மேல் செல்போன் டவர் கிடையாது. அதனால் தினமும் காலை ஏழு நாற்பதுக்கு அடிவாரத்தில் வண்டியை ஓரம் கட்டி எனக்கு போன் பண்ணுவாள். "ஏறப்போறேங்க." "பாத்துப் போ." "பிரஷர் மாத்திரை போட்டீங்களா?" "போட்டேன்." அவ்வளவுதான் பேச்சு. எனக்கு ரத்தக்கொதிப்பு உண்டு. கோபம் வந்தால் மூக்குச் சிவக்கும், அவள் உடனே மாத்திரையைப் பற்றிக் கேட்பாள். ஒருநாள்கூட அந்த போன் தவறியதில்லை.

பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை. அதே ஏழு நாற்பது.

"ஏங்க, ஸ்பீட் காட்டுற இடத்துல நீலமா ஒரு விளக்கு எரியுது. வழக்கமா கிளம்பினதும் எரிஞ்சு கொஞ்ச நேரத்துல அணைஞ்சுரும்ல? நேத்து இறங்கும்போது நடுவுல எரிஞ்சுது. இன்னைக்கு இவ்வளவு தூரம் வந்தும் அணையவே இல்ல."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்த வண்டியில் சூடு காட்டும் முள் கிடையாது. சிவப்பு விளக்கு எரிந்தால் இன்ஜின் கொதிக்கிறது. நீலம் எரிந்தால் குளிர்ந்திருக்கிறது. அத்தனை மாதமாக நான் பயந்துகொண்டிருந்தது சிவப்புக்கு.

"அது நல்லதும்மா. இன்ஜின் சூடே ஏறல, பனி நேரம்ல. நிம்மதியாப் போ."

"அப்போ சரி" என்றாள். குரலில் ஒரு பாரம் இறங்கியது எனக்கே கேட்டது.

அந்தச் சந்தோஷத்தை என்னால் வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை. இரண்டாவது பீரியட் எனக்கு ஓய்வு. பாய்க்குப் போன் போட்டேன்.

"என்ன பாய், மலைக்கு அனுப்பாதீங்கன்னு அப்படி பயமுறுத்துனீங்க? வண்டி ஐஸ் மாதிரி இருக்கு. அடிவாரம் போயும் நீல விளக்கு அணையலையாம்."

அந்தப் பக்கம் ஸ்பேனரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "அம்மா இப்ப எங்க சார்?" என்றார்.

"ஏறியிருப்பாங்க. ஏன்?"

"சார், சூடு பாக்குற சென்சார் தண்ணிக்குள்ள முங்கியிருக்கும். தண்ணி இருந்தாத்தான் அதுக்குச் சூடு தெரியும். தண்ணி இல்லைன்னா அதுக்கு ஒண்ணும் தெரியாது, குளுந்து இருக்குன்னு நீலத்தைக் காட்டிக்கிட்டே இருக்கும். உள்ள இன்ஜின் காயுது சார். உடனே நிறுத்தச் சொல்லுங்க."

நான் அவளுக்கு அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பெண் குரல் சொன்னது. மறுபடி அடித்தேன். பதினேழு தடவை அந்தக் குரல் அதையே சொன்னது. எங்கள் பள்ளித் தலைமையாசிரியரிடம் என்ன சொல்லிவிட்டு வெளியே வந்தேன் என்று ஞாபகம் இல்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் துறையூர் பஸ் புறப்பட்டுக்கொண்டிருந்தது, ஓடிப்போய் ஏறினேன்.

துறையூர் வரைக்கும் நின்றுகொண்டே போனேன். உட்கார இடம் இருந்தது, உட்கார முடியவில்லை. ஒரு விரல்தானே, ஒரு விரல்தானே குறைந்தது என்று மனசுக்குள் ஜெபம் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு விரல் குறைந்தால் எப்படித் தண்ணீர் இல்லாமல் போகும்? அந்த வெளுத்த பச்சை கண் முன்னால் வந்து நின்றது. இந்தத் தடவை அதைத் தள்ளிவிட முடியவில்லை. மாதாவே, அவளைக் காப்பாற்று, நான் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன்.

உப்பிலியபுரத்திலிருந்து ஆட்டோ பிடித்து அடிவாரத்தில் இறங்கியபோது மதியம் ஒரு மணி. மலைச்சாலை தொடங்கும் இடத்தில் ஒரு டீக்கடை. மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய லாரி ஒன்று அப்போதுதான் இறங்கி வந்து நின்றிருந்தது. டிரைவரிடம், மேலே ஏதாவது வண்டி நிற்கிறதா என்று கேட்டேன்.

"ஆமாங்க, ஆறாவது வளைவுல ஒரு சின்ன வண்டி பின்னால போய்க் கல்லுல சாஞ்சு நிக்குது. கதவு தொறந்து கெடக்கு. உள்ள யாரும் இல்லைங்க."

மேலே போக ஏதாவது கிடைக்குமா என்று கத்தினேன். டீக்கடையில் அரிசி மூட்டையோடு மேலே கிளம்பிக்கொண்டிருந்த ஒரு மலைவாசி என்னைப் பார்த்துவிட்டு, மூட்டையைக் கடையில் இறக்கி வைத்தார். "ஏறுங்க சார்" என்றார். அவருடைய பைக்கின் பின்னால் உட்கார்ந்தேன். ஒவ்வொரு வளைவையும் எண்ணினேன். ஐந்து வரைக்கும் கண்ணைத் திறந்திருந்தேன்.

ஆறாவது வளைவில் எங்கள் வண்டி நின்றது. ஏற்றத்தில் இன்ஜின் அணைந்து, பின்னோக்கி உருண்டு, பள்ளத்துப் பக்கத்துச் சாலையோரக் கல்லில் முட்டியிருந்தது. கல்லுக்கு அந்தப் பக்கம் மரங்களின் உச்சிதான் தெரிந்தது. பின் சக்கரம் ஒன்று மண்ணில் பாதியும் காற்றில் பாதியுமாக இருந்தது. செபமாலை கோணலாகத் தொங்கியது. முன் சீட்டில் அவளுடைய சாப்பாட்டுப் பை அப்படியே இருந்தது. ரத்தம் இருக்கிறதா என்று சீட்டைத் தடவித் தடவிப் பார்த்தேன். இல்லை. கல்லைப் பிடித்துக்கொண்டு பள்ளத்தை எட்டிப் பார்த்தேன். பள்ளத்தில் பச்சையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

"டீச்சரம்மா மேல போயிருப்பாங்க சார். பசங்க காத்துக்கிட்டு இருப்பாங்கல்ல" என்றார் அந்த மனிதர், ரொம்ப சாதாரணமாக.

அவர் சொன்னது சரி. பள்ளி வாசலில் பைக் நின்றபோது ஜன்னல் வழியாக அவள் குரல் கேட்டது. கரும்பலகையில் பின்னக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கேட்டில் புதுப் பெயின்ட் அடித்திருந்தது. ஒரு பொட்டுத் துருகூட இல்லை. என்னைப் பார்த்ததும் சாக்பீஸை வைத்துவிட்டு வெளியே வந்தாள். வலது மணிக்கட்டில் ஒரு துணியைச் சுற்றிக் கட்டியிருந்தாள்.

"ஏங்க, நீங்க எங்க இங்க? முகமெல்லாம் இப்படி வேர்த்திருக்கு. மாத்திரை போட்டீங்களா?"

நான் அங்கேயே, பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, அழுதேன். அதில் எனக்கு வெட்கம் இல்லை. வராந்தாவில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். நடந்ததைச் சொன்னாள். ஆறாவது வளைவில் இன்ஜின் அப்படியே அணைந்துவிட்டது. வண்டி பின்னால் உருண்டது. இரண்டு தடவை ப்ரேக் மிதித்ததும் அது கல்லாகிவிட்டது. ஹேண்ட் ப்ரேக்கை இரண்டு கையாலும் இழுத்தாள், மணிக்கட்டு பிசகிவிட்டது. கல் இல்லாத இடமாக இருந்தால் அவ்வளவுதான். தினமும் ஏறும்போது மலைப் பெண்கள் இரண்டு மூன்று பேரை ஏற்றிக்கொள்வாளாம். அன்றைக்கு யாரும் இல்லை. பின்னால் வந்த ஜீப்பில் ஏறிப் பள்ளிக்கு வந்துவிட்டாள்.

"எனக்குத் தெரியும்மா" என்றேன். "செப்டம்பர்லேருந்தே தெரியும். தண்ணி குறையுதுன்னு பாய் சொன்னாரு. சனிக்கிழமை சனிக்கிழமை உனக்குத் தெரியாம ஊத்திக்கிட்டு இருந்தேன். மே வரைக்கும் தள்ளிடலாம்னு நினைச்சேன். என்னை என்ன வேணாலும் சொல்லு."

அவள் பள்ளி முற்றத்தில் இருந்த அடிபம்பைப் பார்த்தாள். அதன் கைப்பிடி முழுக்கத் துரு, முழங்கால் உயரத்தில் பழுப்புத் தண்ணீர் வழிந்த தடம்.

"எனக்கும் தெரியுங்க" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"அக்டோபர்லேயே ஒருநாள் மலையில ஆவி வந்துச்சு. அந்த ஜீப் டிரைவர்தான் டப்பாவைக் காட்டிக் கொடுத்தாரு. அதுலேருந்து தினமும் சாயங்காலம் இங்க பம்பு அடிச்சு ரெண்டு கேன் ஊத்துவேன். சில நாள் மூணு. வெள்ளிக்கிழமை மட்டும் அந்தக் கோடு வரைக்கும் சரியா ஊத்திட்டு இறங்குவேன். நீங்க சனிக்கிழமை திறந்து ஊத்துறீங்கன்னு, திங்கட்கிழமை பச்சை கூடியிருக்குறதைப் பாத்தே தெரியும். ஆசைப்பட்டு வாங்கின வண்டி, உங்களுக்குப் பிரஷர் வேற. மே வரைக்கும்தானேன்னு விட்டுட்டேன்."

நான் அளந்துகொண்டிருந்த ஒரு விரல், வெள்ளிக்கிழமை மாலை மலையிலிருந்து வீடு வரும் ஒரே ஒரு பயணத்தில் குறைந்தது. மற்ற நாட்களில் குறைந்ததையெல்லாம் அவள் எனக்காக நிரப்பி, மறைத்து, கோட்டில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறாள். அதைப் பார்த்துத்தான் நான் நிம்மதியாக இருந்திருக்கிறேன்.

"அப்புறம் நேத்து ஏன் ஊத்தல?"

"திங்கட்கிழமையே பம்பு ரிப்பேருங்க. இருந்த தண்ணி பிள்ளைங்களுக்கே பத்தல. இன்னைக்குக் காலையில ரூம்லேயே கேனை நிரப்பி வச்சிருந்தேன், அடிவாரத்துல ஊத்தலாம்னு. அந்த நீல விளக்கைப் பாத்துச் சந்தேகமா இருந்துச்சு. அதான் உங்ககிட்ட கேட்டேன்." மணிக்கட்டுத் துணியை இழுத்து இறுக்கினாள். "நீங்க நல்லதுன்னு சொன்னீங்க. சரின்னு அந்தத் தண்ணியை ஊத்தாமப் பிள்ளைங்களுக்குன்னு வச்சுட்டேன், ஜீப்ல ஏத்திக் கொண்டுவந்துட்டேன்."

என் கையில் இருந்த டம்ளரைப் பார்த்தேன். அதில் இருந்தது அந்தத் தண்ணீர்தான்.

இனிமேல் எதையும் மறைப்பதில்லை என்று அந்த வராந்தாவிலேயே ஒருவருக்கொருவர் சத்தியம் செய்துகொண்டோம். வண்டியைக் கயிறு கட்டி இறக்கிப் பட்டறைக்குக் கொண்டுவந்தோம். இன்ஜினைப் பிரித்த பாய் ஒன்றரை லட்சம் என்றார். முப்பதாயிரத்தை அவர் நினைவுபடுத்தவில்லை, அது அவருடைய பெருந்தன்மை. நின்ற இடத்திலேயே, வந்த விலைக்கு வண்டியைக் கொடுத்துவிட்டேன். அடுத்த வாரம் ஸ்ரீரங்கத்தில் காய்கறிக் கடையில் பழைய சொந்தக்காரர் என் தோளைத் தட்டினார். "வண்டி சௌக்கியமா ஓடறதா? காவேரி ஜலம்தானே விடறேள்?" என்றார். அந்த முகத்தைப் பார்த்து எனக்கு மனசு வரவில்லை. "நல்லா ஓடுது சார்" என்றேன். அவர் மகிழ்ந்துபோய் எனக்கு ஒரு கொத்து கறிவேப்பிலை வாங்கிக் கொடுத்தார்.

இப்போது அவள் அந்த ஒற்றைப் பஸ்ஸில்தான் மலை ஏறுகிறாள். ஏழு நாற்பது போன் மட்டும் நிற்கவில்லை. நேற்றும் வந்தது.

"பஸ் வந்துடுச்சுங்க. ஜன்னலோரமா சீட் கிடைச்சுது. நல்லா உட்கார்ந்துட்டேன்."

அவள் குரலுக்குப் பின்னால் காற்று இரைந்தது. கண்டக்டர் யாரையோ அதட்டினார். "டீச்சர், படியில நிக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது? வளைவு வருது, கையை விட்றாதீங்க."

நான் கேட்டுவிட்டேன். கேட்டது அவளுக்குத் தெரிந்ததா என்று தெரியவில்லை.

"நல்லதும்மா" என்றேன்.

"நீங்க மாத்திரை போட்டீங்களா? தலைசுத்தல் ஒண்ணும் இல்லையே?"

அன்றைக்கு மலையிலிருந்து இறங்கியதிலிருந்தே சுற்றுகிறது. முந்தாநாள் பள்ளி மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். டாக்டர் உடனே பெரிய ஆஸ்பத்திரியில் சேரச் சொல்லி எழுதிக் கொடுத்த சீட்டு, என் சட்டைப் பையில் நாலாக மடித்து இருந்தது.

"ஒண்ணும் இல்ல, நல்லா இருக்கேன்" என்றேன். மே மாதக் கலந்தாய்வுக்கு இன்னும் எட்டு வாரம்தான் இருக்கிறது.